புதுப்பிப்பு: கனடாவின் ஸ்காபரோவில் புடலங்காய், பிஞ்சு உதிர்வது நின்றது

போன வருடம் பின்வளவில் புடலங்கொடி பந்தல் நிறையப் படர்ந்தும் பிஞ்செல்லாம் விரல் நீளத்திலேயே மஞ்சளாகி உதிர்கிறது என்று கேட்டிருந்தேன். பதில் சொன்ன எல்லாருக்கும் நன்றி. இந்த வருடம் காய்த்துவிட்டது.

பலன் தந்தது, இரவில் கையால் மகரந்தம் சேர்க்கச் சொன்ன அக்காவின் யோசனைதான். புடலம்பூ பொழுது சாய்ந்த பிறகுதான் விரியும், அதைத் தேடி வரவேண்டியது அந்துப்பூச்சி, நானோ பகலில் வரும் தேனீயை நம்பியிருந்தேன். ஜூலையில் இங்கே இருட்டவே ஒன்பது மணியாகும், அதற்குப் பிறகு டார்ச்சுடன் போய் ஆண் பூவைக் கிள்ளி, பெண் பூவின் நடுவில் மெதுவாகத் தடவினேன். கொத்தாக வருவது ஆண் பூ. பெண் பூ தனியாக வரும், இதழுக்குக் கீழே மெல்லிய பிஞ்சு ஒட்டியிருக்கும். நாலைந்து நாளில் பிஞ்சு கிடுகிடுவென நீண்டது, ஊரில் செய்வது போல நுனியில் சின்னக் கல் கட்டிவிட்டேன்.

உரம் கூட்டியும் பார்த்தேன், இலைதான் பெருத்தது. விதையை ஏப்ரல் நடுவில் வீட்டுக்குள் சூட்டு விரிப்பின் மேல் முளைக்கவைத்து, ஜூன் முதல் வாரம் வெளியே நட்டது நல்லதாய்ப் போயிற்று.

எதிர்பாராதது ஒன்று. முதல் மூன்று வாரம் ஆண் பூ மட்டுமே வந்தது, பயப்படவேண்டாம். அப்புறம், விதைக்கு விட்ட கடைசிக் காய் சிவக்குமுன் அக்டோபர் உறைபனி கொடியைக் கருக்கிவிட்டது. விதை வேண்டுமென்றால் முதல் காயையே பறிக்காமல் விடுங்கள்.