‘ஸ்கேன் மட்டும்தான்’ என்று சொல்லும் கடைகள்: சரியா, தப்பா?

முக்கூடல் பேத்தி:
போன வாரம் ஆச்சியைக் கண் பரிசோதனைக்காகப் பாளையங்கோட்டைக்குக் கூட்டிக்கொண்டு போனேன். நான் மருந்துக்கு வரிசையில் நிற்க, ஆச்சி பக்கத்துக் கடைக்குக் காப்பி குடிக்கப் போனாள். ‘காசு வாங்குறதில்ல பாட்டி, ஸ்கேன் மட்டும்தான்’ என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். கடை பெயர் வேண்டாம். ஆயுசு முழுக்க பீடி சுற்றிச் சம்பாதித்தவள், சுருக்குப்பையில் காசை வைத்துக்கொண்டு காப்பி குடிக்காமல் வந்து நின்றாள். ஜிபே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை, நானே அதில்தான் கட்டுகிறேன். காசையும் வாங்குங்கள் என்றுதான் சொல்கிறேன்.

டவுன் கடைக்காரன்:
ஆச்சி நீட்டியது ஐந்நூறு ரூபாய் நோட்டா தங்கச்சி? காலையில் கடை திறந்ததும் ஒரு ஷாம்பு பாக்கெட்டுக்கு ஐந்நூறை நீட்டினால் சில்லறைக்கு நான் எங்கே போவேன்? மீதிக்கு மிட்டாய் கொடுத்தால் அதற்கும் சண்டை. ராத்திரி கல்லாவில் நூறு ரூபாய் குறைந்தால் கடைப்பையன் மேல் சந்தேகம் வரும். ஸ்கேனர் வந்த பிறகு அந்தப் பாவம் எனக்கு இல்லை. 2020 ஜனவரியிலிருந்து யூபிஐ வரவுக்குக் கடைக்காரரிடம் கமிஷனும் பிடிப்பதில்லை.

முக்கூடல் பேத்தி:
இரண்டு இருபது ரூபாய் நோட்டு அண்ணாச்சி. சில்லறைதான்.

அம்பை அண்ணாச்சி:
2023 டிசம்பர் 17, 18 அதற்குள் மறந்துபோச்சா? காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் மழை. இங்கே திருநெல்வேலியில் தாமிரபரணி ஏறி ஜங்ஷனுக்குள்ளேயே தண்ணீர். கரண்ட் இல்லை, டவர் இல்லை, போனில் சார்ஜும் இல்லை. என் மளிகைக் கடையில் மெழுகுவர்த்தி, பால் பவுடர், அரிசி எல்லாம் நோட்டுக்குத்தான் போனது. கையில் காசில்லாமல் வெறும் போனோடு வந்தவர்களுக்கு நோட்டுப்புத்தகத்தில் பற்று எழுதிக் கொடுத்தேன். முகம் தெரிந்ததால் கொடுத்தேன், அசலூர்க்காரன் என்ன செய்வான்? அரசு கொடுத்த 6,000 ரூபாய் வெள்ள நிவாரணமும் ரேஷன் கடையில் ரொக்கமாகத்தான் வந்தது. அந்த நோட்டைக் கடைக்காரன் வாங்க மாட்டேன் என்றிருந்தால்?

டவுன் கடைக்காரன்:
நூறு வருஷத்துக்கு ஒருமுறை வரும் வெள்ளத்துக்காக தினமும் கல்லாவைக் கட்டி அழ வேண்டுமா?

அம்பை அண்ணாச்சி:
வெள்ளத்தை விடும். மேலப்பாளையம் சந்தையில் ஆடு பிடிக்கிறவனிடம் போய் ‘சர்வர் டவுன், கொஞ்சம் பொறும்’ என்று சொல்லிப் பாரும். அவன் ஆட்டை அடுத்த ஆளுக்குக் கொடுத்திருப்பான்.

பேட்டை டீக்கடை:
எனக்கு வேறு பயம். 2025 ஜூலையில் பெங்களூர்ப் பக்கம் யூபிஐ வரவைப் பார்த்துச் சின்னக் கடைகளுக்கெல்லாம் ஜிஎஸ்டி நோட்டீஸ் போனது. நிறையப் பேர் ஸ்கேனரைக் கழற்றிவிட்டு ‘காசு மட்டும்’ என்று எழுதி வைத்தார்கள்.

டவுன் கடைக்காரன்:
பார்த்தீர்களா? ஆச்சிக்காகப் பேச ஆரம்பித்து வரிக்குப் பயந்தவர்கள் பக்கம் வந்துவிட்டது. இன்னொன்றும் கேட்கிறேன். காசு காசு என்கிறீர்களே, பத்து ரூபாய் நாணயத்தை நீட்டினால் ‘செல்லாது’ என்று தள்ளிவிடுவது யார்? நம்ம ஊர்க் கடைகள்தானே! பதினான்கு வடிவத்தில் வந்தவை எல்லாமே செல்லும் என்று ரிசர்வ் வங்கி 2018லேயே சொல்லியாச்சு.

முக்கூடல் பேத்தி:
அது நியாயமான கேள்வி. ஆச்சியிடமே அப்படி ஒரு டப்பா நிறைய இருக்கிறது, யாரும் வாங்காததால் சேர்ந்தது. பேட்டை அண்ணன் சொன்னதையும் நான் ஏற்கவில்லை. ஸ்கேனரைக் கழற்றுவதும் காசை மறுப்பதும் எனக்கு ஒன்றுதான். இரண்டையும் வையுங்கள்.

அம்பை அண்ணாச்சி:
நானும் அந்த நாணயத்தை வாங்குவதில்லை, ஒத்துக்கொள்கிறேன். மொத்த வியாபாரி என்னிடம் வாங்க மாட்டேன் என்கிறார்.

டவுன் கடைக்காரன்:
சரி, ஆச்சியின் டப்பாவை என் கடைக்குக் கொண்டு வா தங்கச்சி. எனக்குச் சில்லறை வேண்டும், நோட்டாக மாற்றித் தருகிறேன். ஐந்நூறு ரூபாய் நோட்டை மட்டும் காலை ஒன்பது மணிக்கு முன்னால் யாரும் நீட்டாதீர்கள்.