குழலுக்குள் இறங்கும் விளக்கு: ‘புழைவிளக்கு’ என்று வைக்கலாமா?

நண்பர்களுக்கு வணக்கம்.

மூன்று நாளாக ஓடும் இந்த இழையில் ‘போர் லைட்’டுக்கு (bore light, துப்பாக்கிக் குழலின் உட்புறத்தைப் பார்க்க உள்ளே இறக்கும் சிறு விளக்கு) தமிழில் என்ன சொல்லலாம் என்ற கேள்விக்கு குழல்விளக்கு, துளைவிளக்கு, சோதனைவிளக்கு என்று மூன்று சொற்கள் வந்துவிட்டன. எதுவும் வேண்டாம், ‘போர் லைட்’ என்றே இருக்கட்டும் என்று ஒருவர் எழுதியிருந்தார். எனக்கு இவற்றில் எதிலும் மனம் ஒட்டவில்லை. ஏன் என்று சொல்வதற்கு முன்னால் அந்த விளக்கு என்ன வேலை செய்கிறது என்று கொஞ்சம் எழுதுகிறேன். பொருளைப் பார்த்த பிறகுதான் எனக்கே எந்தச் சொல் பொருந்தும், எது பொருந்தாது என்று பிடிபட்டது.

போன டிசம்பரில் பென்சில்வேனியாவில் அக்கா வீட்டில் இருந்தேன். அந்த மாநிலத்தில் கிறிஸ்துமஸ் முடிந்த கையோடு சக்கிமுக்கிக் கல் பூட்டிய துப்பாக்கிக்கென்று ஒரு மான் வேட்டைப் பருவம் உண்டு. பக்கத்து வீட்டுப் பெரியவர் அதற்காகவே ஒரு நீளத் துப்பாக்கி வைத்திருக்கிறார். குழல் மட்டும் 42 அங்குலம், உள்விட்டம் அரை அங்குலம், அதாவது 12.7 மில்லிமீட்டர். குழலின் வாய் வழியாகக் கருமருந்தைக் கொட்டி, ஈயக் குண்டைத் துணியில் பொதிந்து, கோலால் அடிவரை தள்ளி இறுக்க வேண்டும். எல்லாம் வாய் வழிதான். அடிப்பக்கம் மரை போட்ட இரும்பு அடைப்பால் மூடியிருக்கிறது, பழைய பாணித் துப்பாக்கிகளில் அதை யாரும் சும்மா கழற்றுவதில்லை. இதுதான் முழு விஷயத்துக்கும் திறவுகோல். சாதாரண ரைஃபிளில் பின்பக்கத்தைத் திறந்து, ஒரு முனையில் வெளிச்சத்தைக் காட்டி மறுமுனையில் கண்ணை வைத்தால் குழல் முழுக்கத் தெரிந்துவிடும். இங்கே குழல் ஒரு கிணறு. ஒரே வாய், அடியில் இருட்டு.

அந்த இருட்டைப் பார்க்காமல் விட முடியாது. கருமருந்து எரிந்தால் பாதிக்கும் மேல் வாயுவாகாமல் திடப்பொருளாகத்தான் மாறும், அதில் ஒரு பகுதி புகையோடு வெளியேற, மீதி குழலுக்குள் கசடாக ஒட்டும். அதில் இருக்கும் பொட்டாசிய உப்புகள் காற்றின் ஈரத்தை இழுக்கும். ஈரமான ஊரில் ஒரு நாள் கழுவாமல் வைத்தாலும் குழலுக்குள் துரு பிடிக்கத் தொடங்கிவிடும். சோப்புத் தண்ணீர் விட்டுக் கழுவித் துடைத்து எண்ணெய் போட்ட பிறகும், அடியில், மருந்து உட்காரும் இடத்தில், கசடு ஒட்டியிருக்கிறதா, துரு குழிகள் விழுந்திருக்கின்றனவா, துடைத்த துணி கழன்று உள்ளேயே தங்கிவிட்டதா என்று கண்ணால் பார்த்தால்தான் நிம்மதி. பழைய துப்பாக்கி வாங்குகிறவர்கள் இன்னொன்றும் பார்ப்பார்கள்: குண்டை மருந்தோடு ஒட்டித் தள்ளாமல் இடைவெளி விட்டுச் சுட்டிருந்தால் குழல் அந்த இடத்தில் உப்பியிருக்கக்கூடும். வெளியே கை வைத்துத் தடவினால்கூட தெரியாத வீக்கம், உள்ளே வெளிச்சம் பட்டால் ஒரு கறுப்பு வளையமாகத் தெரியும்.

பெரியவர் வைத்திருந்த விளக்கைப் பார்த்து எனக்கு ஆச்சரியம். இதற்கென்றே விற்கும் கருவி இல்லை அது. இரவில் தூண்டில் போடுகிறவர்கள் தக்கையில் செருகும் எல்இடி குச்சி, உள்ளே ஊசி போன்ற 3 வோல்ட் பேட்டரி, ஐந்து டாலருக்குள் அடங்குகிற விலை. முதலில் இடிக்கும் கோலை உள்ளே விட்டு, வாய் விளிம்பில் விரலை வைத்து, அந்த நீளத்தைக் குழலின் வெளிப்பக்கத்தில் வைத்துப் பார்த்தார். கோல் அடிவரை போயிருக்கிறது, ஆகவே உள்ளே மருந்து இல்லை. சக்கிமுக்கிக் கல்லையும் கழற்றி வைத்தார். அதற்குப் பிறகுதான் குச்சியை வாய் வழியாக நழுவவிட்டார். குழலுக்கு நேரே முகத்தைக் கொண்டுபோகிற வேலை, இந்தச் சோதனையைத் தவிர்த்துவிட்டு ஒருவரும் செய்யக் கூடாது என்று இரண்டு தரம் சொன்னார். விளக்கு அடியில் போய் உட்கார்ந்ததும் குழலின் உட்சுவர் முழுக்கப் பளிச்சென்றது, குண்டைச் சுழலவைக்க உட்சுவரில் வெட்டிய வரிப்பள்ளங்கள் சுழன்று சுழன்று இறங்குவது தெரிந்தது. பார்த்து முடித்ததும் துப்பாக்கியைக் கவிழ்த்தார், விளக்கு வெளியே விழுந்தது. அவ்வளவுதான்.

செய்து பார்க்கிறவர்களுக்கு இரண்டு குறிப்பு. விளக்கு குழலைவிட நன்றாக ஒல்லியாக இருக்க வேண்டும், 8 மில்லிமீட்டர் விட்டமுள்ள சிறு குழல்களில் மாட்டிக்கொண்டால் எடுப்பது பெரும்பாடு, தூண்டில் நரம்பில் கட்டி இறக்குவது நல்லது. இரண்டாவது நிறம். தக்கை விளக்குகள் பெரும்பாலும் சிவப்பிலோ பச்சையிலோ வருகின்றன. சிவப்பு வெளிச்சத்தில் செம்பழுப்புத் துரு இரும்போடு கலந்து மறைந்துவிடும், பச்சையில் கசடு மாதிரியே கறுப்பாகத் தெரியும். வெள்ளை கிடைத்தால் அதைத்தான் வாங்க வேண்டும்.

சரி, இப்போது சொல்லுக்கு வருகிறேன்.

‘போர் லைட்’ என்றே விட முடியாது. துப்பாக்கி பற்றிய கட்டுரையில் ‘போர் விளக்கு’ என்று ஒருவர் பார்த்தால் யுத்தகளத்து விளக்கு என்றுதான் படிப்பார். தமிழ்நாட்டில் ‘போர் போட்டோம்’ என்றால் தண்ணீருக்கு. குழப்பத்தின் மேல் குழப்பம்.

குழல்விளக்கு கேட்க அழகாக இருக்கிறது, நானும் முதலில் அதைத்தான் நினைத்தேன். ஆனால் ட்யூப்லைட்டுக்கு அந்தச் சொல் எப்போதோ போய்விட்டது. ‘குழல்விளக்கைத் துப்பாக்கிக்குள் இறக்கவும்’ என்று எழுதினால் நாலடி நீள ட்யூப்லைட்தான் படிப்பவர் மனத்தில் வரும்.

சோதனைவிளக்கு என்றால் எலக்ட்ரீசியன் ஹோல்டரில் பல்பைப் போட்டு இரண்டு ஒயரை நீட்டிக் கரண்ட் வருகிறதா என்று பார்ப்பது. அது அவர்களுடைய சொல்.

துளைவிளக்குக்கு ஆதரவாக ‘ஆழ்துளைக் கிணறு’ காட்டப்பட்டது. நியாயமான வாதம், அங்கே துளை வழக்கில் ஊன்றிவிட்டது, மறுக்கவில்லை. ஆனால் இந்தத் துப்பாக்கியில் உண்மையிலேயே ஒரு துளை தனியாக இருக்கிறது. பக்கவாட்டில், பொறி உள்ளே போய் மருந்தைப் பற்றவைக்கும் தீத்துளை. அதையும் ஊசி விட்டுச் சுத்தம் செய்ய வேண்டும், அதுவும் அடைத்துக்கொள்ளும். ஒரே கட்டுரையில் ‘துளையைப் பார்க்கவும்’ என்று வந்தால் எதைப் பார்ப்பது? துளையைத் தீத்துளைக்கே விட்டுவிடுவோம்.

என் யோசனை புழை. நீண்ட பொருளின் உள்ளே ஓடும் வெற்றிடம் என்பதற்கு நம்மிடம் ஏற்கெனவே இருக்கும் சொல் இது. யானையின் துதிக்கைக்குப் ‘புழைக்கை’ என்று பெயர், உள்ளே புழை ஓடும் கை. துப்பாக்கிக் குழலின் உள்வெளிக்கு இதைவிடப் பொருத்தமாக எனக்கு வேறு தோன்றவில்லை. குழல் என்பது இரும்பு, புழை என்பது அதற்குள் இருக்கும் வெளி. அந்த வேறுபாடு நமக்குத் தேவைப்படுகிறது, ஏனென்றால் துருவும் கசடும் வெளியே தெரியும் குழலில் இல்லை, புழையில்தான். ஆகவே புழைவிளக்கு.

‘ஆலப்புழை நினைவு வருகிறது’ என்று ஒரு தோழி தனிமடலில் எழுதியிருந்தார். வரட்டும், அது மலையாளத்தில் ஆறு, இடம் பார்த்துப் புரிந்துகொள்வார்கள். ழகரம் கடினம் என்றும் சொன்னார். மழை, பிழை, தழை எல்லாம் நாள்தோறும் சொல்கிறோம், அதே எதுகைதானே.

‘உள்நோக்கி’ என்று வைக்கலாமே என்று முதல்நாள் ஒருவர் கேட்டிருந்தது இன்னும் பதில் இல்லாமல் இருக்கிறது. அது வேறு கருவி. கேமராவோ கண்ணாடிக் குழலோ உள்ளே போனால் கண்ணே உள்ளே போன மாதிரி, அதை நோக்கி எனலாம். இங்கே உள்ளே போவது வெளிச்சம் மட்டும், கண் வாயருகே வெளியிலேயே நிற்கிறது. ஊரில் கிணற்றில் வாளி விழுந்தால் கண்ணாடியைச் சாய்த்து வெயிலை உள்ளே அனுப்பித் தேடுவோமே, அந்த முறை. (வெயில் நன்றாக இருந்தால் இந்தக் குழலுக்கும் சிறு கண்ணாடி கொஞ்சம் உதவுகிறது, அடிவரை எட்டுவதுதான் சிரமம்.) புழைவிளக்கு என்று வைத்துக்கொண்டால், கேமரா இறக்கும் கருவிக்குப் புழைநோக்கி, குழலின் உள்விட்டத்துக்குப் புழைவிட்டம் என்று மற்றவையும் அதே வேரிலிருந்து வந்துவிடுகின்றன. ஒரு வாக்கியத்தில் போட்டுப் பார்த்தேன்: “கழுவித் துடைத்ததும் புழைவிளக்கை அடிவரை இறக்கிப் புழையைப் பார்க்கவும், துரு தெரிந்தால் மறுபடி எண்ணெய்த் துணி விடவும்.” தடுக்காமல் ஓடுகிறது.

மஸில்லோடருக்கு, அதாவது இப்படி வாய் வழியாக மருந்து நிரப்பும் துப்பாக்கிக்கு, நான் புதிதாக எதுவும் சொல்லப் போவதில்லை. ‘நாட்டுத் துப்பாக்கி’ என்றால் செய்தித்தாளில் கள்ளத்தனமாகச் செய்த எதையும் குறிக்கிறது, அமெரிக்கக் கடையில் வாங்கிய துப்பாக்கிக்கு அது சரிவராது. ‘வாய்மருந்துத் துப்பாக்கி’ என்று யாரோ போட்டிருந்தார்கள், மருந்துக்கடை ஞாபகம்தான் வருகிறது. ஈழத்தில், வன்னிப் பக்கம், ‘இடியன் துவக்கு’ என்பார்கள். மருந்தை இடித்து நிரப்புவதால் இடியன். வேட்டைக்காரர்கள் வாயில் புழங்கிய சொல், செயல்முறையையும் சொல்லிவிடுகிறது. அதையே பொதுச்சொல்லாக எடுத்துக்கொள்ளலாம் என்பது என் கட்சி. அப்படியானால் கோலுக்கு ‘இடிகோல்’ தானாக அமைந்துவிடும்.

எனக்கு இன்னும் சரியாக அமையாதது அடியில் இருக்கும் மரை அடைப்பு. ‘அடியடைப்பு’ என்று இப்போதைக்கு எழுதி வைத்திருக்கிறேன், இரண்டு ‘அடை’ அடுத்தடுத்து வருவதுபோல் காதில் விழுகிறது. இடியன் துவக்கு செய்த கொல்லர்களையோ பழுது பார்த்தவர்களையோ தெரிந்தவர்கள் யாராவது இங்கே இருந்தால், அவர்கள் அந்தப் பாகத்தை என்ன சொல்லி அழைத்தார்கள் என்று கேட்டு எழுதுங்கள். அது வந்ததும் பட்டியலில் மாற்றிவிடுகிறேன்.