சிங்க்திங் கான்ஃபிக்கை எஸ்எஸ்டிக்கு மாற்றினேன், கரண்ட் போய் வந்ததும் டிவைஸ் ஐடியே வேறு!

பொங்கோல்வாசி · வெள்ளி, இரவு 9:50

வணக்கம். சிங்கப்பூரில் என் வீட்டில் ராஸ்ப்பெர்ரி பை 4 (உள்ளங்கை அளவு கணினி, சுருக்கமாக ‘பை’) ஒன்று இரண்டு வருடமாக ஓடுகிறது. இடம் பாம் ஷெல்டர் (வீட்டுக்குள் இருக்கும் பதுங்கு அறை), அரிசி வாளிக்கு மேல் தட்டு. (அந்த இரும்புக் கதவைச் சாத்தினால் வைஃபை எட்டாது, லேன் கேபிள்தான்.) அதில் சிங்க்திங் (டிவைஸ்களுக்கிடையே ஃபைல்களை ஒத்திசைக்கும் மென்பொருள்) ஓடுகிறது. என் லேப்டாப், மனைவியின் போன், காரைக்குடியில் அம்மாவின் போன், மூன்றும் படங்களை இதில்தான் கொட்டுகின்றன.

போன மாதம் எஸ்டி கார்டு செத்தது. பேக்கப் இருந்ததால் பிழைத்தேன். சிங்க்திங் தன் டேட்டாபேஸில் ஓயாமல் எழுதிக்கொண்டே இருக்கிறது, அதை எஸ்டி கார்டில் வைக்காதே என்று நண்பர் சொன்னார். சரி என்று சிம் லிம் கடைத்தொகுதியில் ஒரு யூஎஸ்பி எஸ்எஸ்டி வாங்கி, இஎக்ஸ்டி4 ஃபார்மேட் செய்து, /எம்என்டி/எஸ்எஸ்டி என்று மவுண்ட் செய்தேன் (அந்த அடைவைத் திறந்தால் எஸ்எஸ்டி தெரியும்படி இணைப்பது).

முதல் முயற்சியில் கான்ஃபிக்கை /ஈடிசி/சிங்க்திங் என்று வைத்துப் பார்த்தேன். லினக்ஸில் எல்லா செட்டிங்கும் ஈடிசியில்தானே இருக்கும்? அடைவை என் பெயருக்கு மாற்றிக் கொடுத்தும் ‘ரீட்-ஒன்லி ஃபைல் சிஸ்டம்’ என்று சொல்லி சர்வீஸ் (பின்னணியில் ஓடும் சிங்க்திங்) நின்றுவிட்டது. காரணம் இன்றுவரை புரியவில்லை.

அப்புறம் ஹோமில் இருந்த பழைய ஃபோல்டரை முழுசாக எஸ்எஸ்டிக்கு நகலெடுத்து, சர்வீஸ் ஃபைலில், சிங்க்திங்கைத் தொடங்கும் கட்டளை இருக்கும் எக்ஸெக்ஸ்டார்ட் வரியில், --ஹோம் என்று அந்த இடத்தைக் கொடுத்தேன். இரண்டு வாரம் ஒழுங்காக ஓடியது.

நேற்று வாட்டர் ஹீட்டரால் மெயின் சுவிட்ச் டிரிப் ஆனது. கரண்ட் வந்த பிறகு லேப்டாப்பில் சிங்க்திங்கின் கட்டுப்பாட்டுப் பக்கம் (போர்ட் 8384) திறக்கவில்லை. பையை டிவியில் சொருகி அங்கேயே திறந்தால் பக்கம் வருகிறது, ஆனால் பாஸ்வேர்டு கேட்கவில்லை, ஃபோல்டர் எதுவும் இல்லை, மற்ற டிவைஸ்கள் இதை அடையாளம் காணும் டிவைஸ் ஐடியும் வேறு! இரண்டு தடவை ரீபூட் செய்தேன், அதேதான்.

என்னைக் குழப்புவது இதுதான்: எஸ்எஸ்டிக்குள் போய்ப் பார்த்தால் பழைய கான்ஃபிக் டாட் எக்ஸ்எம்எல் அப்படியே இருக்கிறது, தேதிகூட மாறவில்லை. கண்முன் இருக்கும் ஃபைலை சிங்க்திங் ஏன் படிக்கவில்லை?

மேஜைக்கடி · வெள்ளி, இரவு 10:05

இவ்வளவு யோசிக்க என்ன இருக்கிறது? புது ஐடியையே எல்லா டிவைஸிலும் சேர்த்துவிடுங்கள். பத்து நிமிட வேலை.

பொங்கோல்வாசி · வெள்ளி, இரவு 10:09

உங்களுக்குப் பத்து நிமிடம். போன முறை அம்மாவுக்கு வீடியோ காலில் சொல்லிக்கொடுக்க முக்கால் மணி நேரம் ஆனது. க்யூஆர் கோடை ஸ்கேன் செய்யச் சொன்னால் போனைத் திருப்பி முன் கேமராவில் தன் முகத்தைக் காட்டிக்கொண்டிருந்தார். ஐடி மாறாமல் வழி இருந்தால் சொல்லுங்கள்.

ராத்திரி ஷிஃப்ட் · வெள்ளி, இரவு 10:31

முதலில், அந்தப் பக்கத்தில் எதையும் சேவ் செய்யாதீர்கள். பாஸ்வேர்டு வைக்கிறேன், பெயர் மாற்றுகிறேன் என்று எதுவும் வேண்டாம். சர்வீஸை இப்போதே நிறுத்துங்கள். நிறுத்திவிட்டு எஸ்எஸ்டியில் இருக்கும் சிங்க்திங் ஃபோல்டரை வேறு இடத்துக்கு ஒரு நகல் எடுங்கள். அப்புறம் மீதியைப் படியுங்கள்.

உங்கள் எஃப்எஸ்டேப் (பூட்டில் எந்த டிஸ்க் எங்கே மவுண்ட் ஆக வேண்டும் என்று சொல்லும் ஃபைல்) வரியில் ‘நோஃபெயில்’ இருக்கிறதா? இருக்கும் என்று பந்தயம் கட்டுகிறேன். மானிட்டர் இல்லாத பையில் எல்லாரும் அதைப் போடுவோம், இல்லாவிட்டால் டிஸ்க் கிடைக்காதபோது பூட் எமர்ஜென்சி மோடில் போய் உட்கார்ந்துகொள்ளும். ஆனால் நோஃபெயில் போட்டால் மவுண்ட் முடியும்வரை மற்ற சர்வீஸ்கள் காத்திருக்காது. யூஎஸ்பி டிஸ்க் கண்விழிக்கச் சில நொடி ஆகும். அதற்குள் சிங்க்திங் எழுந்து /எம்என்டி/எஸ்எஸ்டி என்ற இடத்துக்குப் போகிறது. அந்த நேரத்தில் அது எஸ்டி கார்டில் இருக்கும் வெறும் காலி அடைவு. கான்ஃபிக் இல்லையா, சரி, முதல் தடவை ஓடுகிறோம் போல என்று நினைத்து புது சாவி, புது சான்றிதழ், புது கான்ஃபிக் எல்லாம் உண்டாக்கிவிடுகிறது. டிவைஸ் ஐடி என்பது அந்தச் சான்றிதழின் எஸ்ஹெச்ஏ-256 ஹாஷ்தான் (அதிலிருந்து கணக்கிடும் கைரேகை மாதிரி). சான்றிதழ் புதுசானால் ஐடியும் புதுசு.

சில நொடி கழித்து எஸ்எஸ்டி வந்து அதே இடத்தில் மேலே ஏறி உட்காருகிறது. பாயை விரித்தால் தரை மறைவது மாதிரி, அடியில் உண்டான புது ஃபைல்கள் உங்கள் கண்ணுக்குத் தெரியாது. நீங்கள் பார்ப்பது எஸ்எஸ்டியின் பழைய ஃபைல். ஓடிக்கொண்டிருக்கும் சிங்க்திங் படித்ததோ அடியில் இருந்ததை.

லேப்டாப்பில் பக்கம் திறக்காததும் இதனால்தான். புது கான்ஃபிக்கில் அந்தப் பக்கம் 127.0.0.1-இல், அதாவது பைக்குள்ளேயே இருந்து வரும் இணைப்புக்கு மட்டும் பதில் சொல்லும். வீட்டு நெட்வொர்க்குக்குத் திறந்துவிட்ட உங்கள் மாற்றம் பழைய கான்ஃபிக்கில் இருக்கிறது.

சேவ் செய்யாதீர்கள் என்றேனே, அதன் காரணம்: சேவ் செய்யும்போது பாதையைப் பார்த்துத்தான் எழுதும். இப்போது அந்தப் பாதையில் இருப்பது எஸ்எஸ்டி. காலி கான்ஃபிக் போய் நல்ல கான்ஃபிக்கின் மேல் உட்கார்ந்துவிடும்.

பொங்கோல்வாசி · வெள்ளி, இரவு 10:44

நோஃபெயில் இருக்கிறது. பயத்தில் அங்கே எதையும் தொடவில்லை, தப்பித்தேன். நிறுத்தி, நகல் எடுத்துவிட்டேன். அடுத்து?

ராத்திரி ஷிஃப்ட் · வெள்ளி, இரவு 10:58

எஸ்எஸ்டி மவுண்ட் ஆகியிருக்கிறதா என்று ‘ஃபைண்ட்மவுண்ட்’ கட்டளையில் பாருங்கள் (அது டைப் அடிக்கும்போது எஃப்ஐஎன்டிஎம்என்டி, இங்கே எல்லாப் பெயரையும் உச்சரிப்பில்தான் எழுதுகிறேன்). இருந்தால் சர்வீஸை மட்டும் ஸ்டார்ட் செய்யுங்கள், ரீபூட் வேண்டாம். பழைய ஐடி வந்துவிட வேண்டும். ஐடி முழுவதையும் ஒப்பிட வேண்டாம், முதல் ஏழு எழுத்து போதும்.

பொங்கோல்வாசி · வெள்ளி, இரவு 11:06

வந்துவிட்டது! ஏழு எழுத்தும் அதேதான். மனைவி போனில் ஒரு நிமிடத்தில் இணைந்தது. காரைக்குடியில் இப்போது எட்டரை மணி, அம்மா டிவி முன்னால் இருப்பார், அவர் போனும் இணைந்துவிட்டது. அவருக்கு எதுவும் தெரியவே தெரியாது. 🙏

ஆனால் அடுத்த தடவை கரண்ட் போனால்?

உட்லண்ட்ஸ் அக்கா · சனி, காலை 7:20

நேற்று இரவே எழுதியிருப்பேன், தூங்கிவிட்டேன். சர்வீஸ் ஃபைலை நேரடியாகத் திருத்தியிருக்கிறீர்களா தம்பி? அப்படியானால் பேக்கேஜ் அப்டேட் வரும்போது உங்கள் மாற்றம் காணாமல் போகும். ‘சிஸ்டம்சிடிஎல் எடிட்’ என்று கொடுத்து, பின்னால் உங்கள் சர்வீஸ் பெயரைப் போடுங்கள். அது தனியாக ஒரு சின்ன ஃபைல் திறக்கும், அப்டேட் அதைத் தொடாது. அதில் இரண்டு பகுதி.

யூனிட் பகுதியில் ஒரே வரி: ரிக்வயர்ஸ்மவுண்ட்ஸ்ஃபார்=/எம்என்டி/எஸ்எஸ்டி. இந்த இடம் மவுண்ட் ஆகாமல் இந்த சர்வீஸைத் தொடங்காதே என்று அர்த்தம். எஃப்எஸ்டேப்பில் நோஃபெயில் அப்படியே இருக்கட்டும். டிஸ்க் வராவிட்டாலும் பை எழுந்துவிடும், சிங்க்திங் மட்டும் எழாது. உங்களுக்கு வேண்டியது அதுதானே?

சர்வீஸ் பகுதியில் எக்ஸெக்ஸ்டார்ட்= என்று எழுதி, சமக்குறிக்குப் பின்னால் ஒன்றும் இல்லாமல் விடுங்கள். அடுத்த வரியில் மறுபடி எக்ஸெக்ஸ்டார்ட்=, மூல ஃபைலில் இருக்கும் முழுக் கட்டளை, கடைசியில் --ஹோம்=/எம்என்டி/எஸ்எஸ்டி/சிங்க்திங். அந்தக் காலி வரி பழையதை அழிக்க. அதை விட்டுவிட்டால் இரண்டு எக்ஸெக்ஸ்டார்ட் இருக்கிறது என்று சிஸ்டம்டி (சர்வீஸ்களைத் தொடங்கி நிர்வகிப்பது) சண்டைக்கு வரும். நான் இதில் ஒரு சனிக்கிழமை முழுவதையும் தொலைத்திருக்கிறேன்.

கோடு இரண்டு போட வேண்டும், --ஹோம். பழைய பதிவுகளில் ஒற்றைக் கோட்டோடு இருக்கும், 2.0 பதிப்பிலிருந்து அது எடுபடாது.

உங்கள் ஈடிசி புதிர்: சிங்க்திங்கோடு வரும் சிஸ்டம் சர்வீஸ் ஃபைலைத் திறந்து பாருங்கள், ப்ரொடெக்ட்சிஸ்டம்=ஃபுல் என்று ஒரு வரி இருக்கும். அது இருந்தால் அந்த சர்வீஸுக்கு /யூஎஸ்ஆர், /பூட், /ஈடிசி மூன்றும் படிக்க மட்டும். அடைவு யார் பெயரில் இருந்தாலும் எழுத முடியாது. அந்த வரியை எடுத்துவிடுங்கள் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். மேலும் சிங்க்திங் கான்ஃபிக் நாம் எழுதி வைத்துவிட்டுப் போகும் ஃபைல் கிடையாது, பிரௌசரில் ஒரு டிக் மாற்றினாலும் அதுவே திருத்தி எழுதிக்கொள்ளும். அதற்கு ஈடிசி சரியான இடமில்லை. சிங்க்திங்காரர்களே 1.27 பதிப்பில் புது நிறுவல்களுக்கான இடத்தை ஹோமில் டாட் கான்ஃபிக்கிலிருந்து டாட் லோக்கல், ஸ்டேட் என்ற அடைவுக்கு மாற்றிவிட்டார்கள்.

ராத்திரி ஷிஃப்ட் · சனி, காலை 8:02

அக்கா சொன்னதோடு ஒன்று. பொங்கோல்வாசி, எஸ்எஸ்டியை மவுண்ட் செய்வதற்கு முன்பே அந்தக் காலி அடைவை உங்கள் பெயருக்கு மாற்றியிருக்கிறீர்கள், சரியா? அது ரூட் (லினக்ஸ் நிர்வாகி) பெயரில் இருந்திருந்தால் சிங்க்திங்கால் உள்ளே எதையும் உண்டாக்க முடியாமல் அன்றே பிழை காட்டி நின்றிருக்கும். சர்வீஸை நிறுத்தி, அன்மவுண்ட் செய்து, அடியில் கிடக்கும் போலி சிங்க்திங் ஃபோல்டரை அழித்து, அடைவை ரூட்டுக்கே திருப்பிக் கொடுங்கள். அழிப்பதற்கு முன் உண்மையிலேயே அன்மவுண்ட் ஆகியிருக்கிறதா என்று இரண்டு தடவை பாருங்கள்!

ஹோமில் இருக்கும் பழைய ஃபோல்டரின் பெயரையும் மாற்றி வையுங்கள். ஒரே சாவியோடு இரண்டு இடத்தில் சிங்க்திங் ஓடினால் மற்ற டிவைஸ்கள் குழம்பிவிடும்.

பொங்கோல்வாசி · ஞாயிறு, மதியம் 2:15

ஆமாம், முன்பே மாற்றியிருந்தேன். அன்மவுண்ட் செய்ததும் அடியில் கிடந்தது, வியாழக்கிழமை தேதியோடு ஒரு புத்தம்புது கான்ஃபிக். பார்த்ததும் சிரிப்பு வந்துவிட்டது.

எல்லாம் செய்து முடித்து, எஸ்எஸ்டி கேபிளைப் பிடுங்கிவிட்டு பையை ஆன் செய்தேன். ஒன்றரை நிமிடம் போல டிஸ்க்குக்காகக் காத்திருந்துவிட்டு ‘டிபென்டன்சி ஃபெயில்டு’ என்று சிங்க்திங் நின்றது. போலி ஃபோல்டர் எதுவும் உண்டாகவில்லை. கேபிளைச் சொருகி ரீபூட், அதே ஏழு எழுத்து. அப்புறம் மனைவி திட்டத் திட்ட மெயின் சுவிட்சையே ஒரு தடவை அணைத்துப் போட்டேன். அதற்கும் அசையவில்லை.

மேஜைக்கடி · ஞாயிறு, மதியம் 2:40

நான் சொன்னதை வாபஸ் வாங்கிக்கொள்கிறேன். ஒரு சந்தேகம், ஐடிக்காக மட்டும் என்றால் எந்தெந்த ஃபைலைப் பேக்கப் எடுத்தால் போதும்?

உட்லண்ட்ஸ் அக்கா · ஞாயிறு, மாலை 3:10

செர்ட் டாட் பெம் (சான்றிதழ்), கீ டாட் பெம் (சாவி) இரண்டும் ஐடிக்கு. ஃபோல்டர், டிவைஸ் பட்டியல் வேண்டுமென்றால் கான்ஃபிக் டாட் எக்ஸ்எம்எல்லையும் சேருங்கள். டேட்டாபேஸ் தேவையில்லை, ஃபோல்டர்களை மறுபடி ஸ்கேன் செய்து அதுவே கட்டிக்கொள்ளும், பையில் கொஞ்சம் நேரம் பிடிக்கும். கீ ஃபைலை மட்டும் யாருக்கும் அனுப்பிவிடாதீர்கள்.