டிஏசி ஃபில்டரை மாற்றினால் ஹெட்ஃபோனில் தெரியுமா?

மயிலைக்காரன்:
ரிச்சி தெருவில் ஒரு டிஏசி (டிஜிட்டல் பதிவை ஹெட்ஃபோனுக்கான அனலாக் ஒலியாக மாற்றும் கருவி) வாங்கினேன். உச்ச அதிர்வெண்களை வெட்டும் ஃபில்டர் மெனுவில் ஃபாஸ்ட் ரோல்-ஆஃப், ஸ்லோ ரோல்-ஆஃப், மினிமம் ஃபேஸ், என்ஓஎஸ் (டிஜிட்டல் ஃபில்டரே இல்லாத முறை) என்று வரிசையாக இருக்கிறது. நான் கேட்பதெல்லாம் 44.1 கிலோஹெர்ட்ஸ் (நொடிக்கு 44,100 மாதிரிகள்) கச்சேரிப் பதிவுகள். ஸ்லோவில் கடம் கொஞ்சம் மென்மையாக ஒலிப்பது போலிருக்கிறது. நிஜமா, பிரமையா?

வேளச்சேரி வயர்மேன்:
பெரும்பாலும் பிரமைதான் சார். 44.1-இல் பதிவு அதில் பாதியான 22.05 கிலோஹெர்ட்ஸோடு முடிந்துவிடுகிறது. ஃபாஸ்ட் ஃபில்டர் கிட்டத்தட்ட 20 வரை நேராகப் போய், அதன்பின் செங்குத்தாக விழும். ப்ரீ-ரிங்கிங் (ஒலிக்குச் சற்று முன்பே எழும் ஃபில்டர் அதிர்வு) என்று பயமுறுத்துவார்களே, அதுவும் 22-ஐ ஒட்டித்தான் நடக்கிறது. ஐம்பது வயதில் நமக்கு 14 கேட்டாலே பெரிய விஷயம்! ஸ்லோ சற்று முன்பே சரியும். இளங்காதுக்கு ஒருவேளை தெரியலாம். என்ஓஎஸ் மட்டும் வேறு கதை. 10 கிலோஹெர்ட்ஸில் முக்கால் டெசிபல், 20-இல் சுமார் 3 டெசிபல் குறைகிறது. போதாதற்கு 22-க்கு மேலே பிம்ப அலைகளையும் (அசல் பதிவில் இல்லாத போலி அதிர்வெண்களையும்) வெளியே விடுகிறது.

சூளைமேடு சுருதி:
ஃபேனை நிறுத்திவிட்டு, எது ஓடுகிறது என்று சொல்லாமல் வீட்டில் யாரையாவது மாற்றச் சொல்லுங்கள். ஒலியளவு சமமாக இருக்கட்டும். அரை டெசிபல் கூடினாலே அதுதான் நல்லது என்று தோன்றும்.

மயிலைக்காரன்:
பையன் மாற்றினான். ஃபாஸ்ட், ஸ்லோ எதுவென்று பிடிபடவில்லை. என்ஓஎஸ்ஸில் தம்புரா மங்கியது தெரிந்தது. சரி, 96 கிலோஹெர்ட்ஸ் கோப்புகளுக்கு?

வேளச்சேரி வயர்மேன்:
அங்கே எல்லை 48-க்குப் போய்விடும். மெனுவையே மறந்துவிடலாம். மிச்சக் காசை நல்ல இயர்பேடுக்குப் போடுங்கள்.