வீட்டில் சோப்பு செய்து விற்கிறேன், உத்யம் பதிவு மட்டும் போதாதா?

திண்டுக்கல் சோப்புக்காரி:
எல்லோருக்கும் வணக்கம். ஒன்றரை வருடமாக வீட்டிலேயே குப்பைமேனி, நலங்கு மாவு, ஆட்டுப்பால் சோப்பு செய்து இன்ஸ்டாவிலும் வாட்ஸ்அப்பிலும் விற்று வருகிறேன். முதலில் சொந்தக்காரர்களுக்கு மட்டும்தான் கொடுத்தேன், இப்போது மாதம் 200 கட்டிக்கு மேல் போகிறது, அதில் பெங்களூருக்கும் கொஞ்சம் கொரியர் போகிறது. உத்யம் பதிவு எடுத்து பிரிண்ட் போட்டு வைத்திருக்கிறேன். போன வாரம் ஒரு கடைக்காரர் சோப்பைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "லைசென்ஸ் நம்பர் எங்கேம்மா?" என்று கேட்டார். உத்யம் எண்ணைக் காட்டினேன், அது இல்லை என்று திருப்பிக் கொடுத்துவிட்டார். அப்போ எதுதான் லைசென்ஸ்? ஜிஎஸ்டியும் எடுக்க வேண்டுமா? வருட விற்பனை 40 லட்சத்துக்குள் இருந்தால் வேண்டாம் என்றுதான் கேள்விப்பட்டேன்.

கோவை கைவினை:
கடைக்காரர் சொன்னது சரிதான் தோழி. உத்யம் என்பது சிறுதொழில் என்று பதிவு செய்துகொள்வது, அவ்வளவுதான். (அது இலவசம். அரசுத் தளம் மாதிரியே இருக்கும் தனியார் தளத்தில் நான் 1,500 ரூபாய் கட்டி ஏமாந்தேன், நீங்கள் கட்டியிருக்க மாட்டீர்கள் என்று நினைக்கிறேன்.) குளியல் சோப்பு சட்டப்படி அழகுசாதனப் பொருள். 1940ஆம் வருட மருந்து, அழகுசாதனச் சட்டத்திலும் 2020இல் வந்த அழகுசாதன விதிகளிலும் வருகிறது. விற்பதற்காகச் செய்தால் மாநில மருந்துக் கட்டுப்பாட்டுத் துறையிடம் தயாரிப்பு உரிமம் வாங்க வேண்டும். கடையில் ரெடிமேடாக வாங்கும் சோப் பேஸை உருக்கி ஊற்றினாலும் இதேதான், வெளியில் கட்டியாக வாங்கி உங்கள் லேபிள் ஒட்டினால்கூட அதுவும் தயாரிப்புக் கணக்கில்தான் சேரும்.

இதில் நம்மைப் போன்றவர்களை நிறுத்துகிற இடம் ஒன்று இருக்கிறது. தயாரிக்கும் இடம் குடியிருக்கும் இடமாகவோ அதோடு இணைந்த இடமாகவோ இருக்கக் கூடாது என்று விதியிலேயே இருக்கிறது. அடுப்படியில் காஸ்டிக் சோடா கரைத்து, ஊற்றிய அச்சுகளைப் பீரோ மேல் நாலு வாரம் காய வைக்கிறோமே, அதற்கு உரிமம் கிடைக்காது. இது தெரிந்த அன்று நான் அழுதேன். ஆனால் வழி இருக்கிறது. ஏற்கனவே உரிமம் உள்ள ஒரு யூனிட்டில், உங்கள் செய்முறைப்படி அவர்களையே செய்து தரச் சொல்லலாம். லேபிளில் தயாரிப்பாளராக அவர்கள் பெயரும் உரிம எண்ணும் வரும், விற்பவராக உங்கள் பெயர் வரும். அப்படி விற்பதற்கு உங்களுக்குத் தனி உரிமம் தேவையில்லை. நான் இப்போது அப்படித்தான் செய்கிறேன். முதல் ஆர்டருக்கே 500 கட்டி எடுத்தாக வேண்டும் என்றார்கள், அதுதான் கஷ்டமாக இருந்தது. அவர்கள் இடத்தில் உங்கள் பெயரிலேயே உரிமம் எடுக்க லோன் லைசென்ஸ் என்று ஒன்றும் உண்டு.

கணக்கு வழக்கு:
ஜிஎஸ்டிக்கு மட்டும் சொல்கிறேன். 40 லட்சம் வரம்பு சரக்கு விற்பவர்களுக்கு உண்மைதான், ஆனால் அது தமிழ்நாட்டுக்குள்ளேயே விற்கும் வரைதான். பெங்களூருக்கு ஒரே ஒரு பார்சல் போனாலும் வெளிமாநில விற்பனை, பதிவு எடுத்தே ஆக வேண்டும், தொகை எவ்வளவு சின்னது என்று பார்ப்பதில்லை. காம்பொசிஷன் என்று சிறு வியாபாரிகளுக்கு இருக்கிற எளிய ஜிஎஸ்டி திட்டத்தில் போனால் வெளிமாநிலத்துக்கு விற்கவே முடியாது, யாராவது அதை எடுக்கச் சொன்னால் தலையாட்டிவிடாதீர்கள். குளியல் சோப்புக் கட்டிக்கு 2025 செப்டம்பர் 22 முதல் வரி 18இல் இருந்து 5 சதவீதமாகக் குறைந்திருக்கிறது. அப்புறம், பதிவு எடுத்துவிட்டால் விற்பனையே இல்லாத காலத்துக்கும் ரிட்டர்ன் போட வேண்டும், நிறைய பேர் அதை மறந்து தாமதக் கட்டணம் கட்டுகிறார்கள்.

நாட்டுமருந்து:
அக்கா, குப்பைமேனி சோப்பில் என்ன எழுதியிருக்கிறீர்கள்? "தேமல், படர்தாமரை குணமாகும்" என்று போட்டிருந்தால் முதலில் அதை எடுங்கள். நோய் தீரும் என்று எழுதிய நொடியே அது அழகுசாதனம் இல்லை, மருந்து. ஆயுர்வேத, சித்த மருந்துத் தயாரிப்புக்கு உரிமமே வேறு. இன்ஸ்டா பதிவில் எழுதினாலும் அதே சிக்கல்தான்.

திண்டுக்கல் சோப்புக்காரி:
சொறி, தேமலுக்கு நல்லது என்று 400 ஸ்டிக்கர் அடித்து வைத்திருக்கிறேன். இன்றைக்கே ஓரம் கட்டிவிட்டேன், இன்ஸ்டாவிலும் அழித்துவிட்டேன். பெங்களூர் ஆர்டரையும் நிறுத்திவிட்டேன். கோவை தோழி, ஒரே ஒரு கேள்வி. வீட்டுக்குப் பின்னால் மாடு கட்டியிருந்த கொட்டகை சும்மாதான் கிடக்கிறது, அடுப்படிக் கதவைத் திறந்தால் நேரே அதற்குள் போகலாம். அதைச் சரி செய்தால் உரிமம் கேட்க முடியுமா?

கோவை கைவினை:
அந்தக் கதவு இருக்கும் வரை முடியாது. அதை அடைத்துச் சுவர் எழுப்பி, தெருப் பக்கம் தனி வாசல் வைத்து, கழுவித் துடைக்கிற மாதிரி தரை போட்டால் கேட்டுப் பார்க்கலாம். வேதியியல் படித்த ஒருவர் முழுநேரமாக வேண்டும், பிளஸ் டூவில் அந்தப் பாடம் இருந்தாலே போதும், நீங்களே படித்திருந்தால் அந்தக் கவலை இல்லை. சிமென்ட் வாங்குவதற்கு முன்னால் கையால் ஒரு வரைபடம் போட்டு, உங்கள் மாவட்ட மருந்து ஆய்வாளரிடம் நேரில் காட்டிவிடுங்கள். நான் கட்டி முடித்த பிறகு போய்க் கேட்டேன், ஒரு சுவரை இடிக்க வேண்டியதாகிவிட்டது.