கொல்கண்ணியா, பெப்டைடா? வியாழனுக்குள் ஒரு சொல் வேண்டும்

நாகர்கோவில் உயிர்வேதியியல் ஆசிரியை:

குழுவினருக்கு வணக்கம். அடுத்த வாரம் 11ஆம் வகுப்புப் பிள்ளைகள் எங்கள் ஆய்வகத்தைப் பார்க்க வருகிறார்கள். சுவரொட்டி வியாழன் மாலைக்குள் வடசேரி அச்சகத்துக்குப் போயாக வேண்டும். பாக்டீரியாவைக் கொல்லும் சிறு புரதத் துண்டுகளை நாமே வடிவமைத்துச் சோதிப்பதுதான் பொருள். 'நுண்ணுயிர் எதிர்ப்புப் பெப்டைடு' என்று எழுதினேன். "எதிர்ப்பது மருந்தா, கிருமியா?" என்று மாணவி ஒருத்தி கேட்டுவிட்டாள். நல்ல சொல் தாருங்கள்.

தக்கலை தமிழாசிரியர் (ஓய்வு):

அந்தப் பிள்ளையைப் பாராட்டுங்கள், அம்மா. நுண்ணுயிரை எதிர்ப்பது என்று விரித்தால் இரண்டாம் வேற்றுமைத் தொகை. நுண்ணுயிரினது எதிர்ப்பு என்று விரித்தால் ஆறாம் வேற்றுமைத் தொகை. மருந்துக்கு அடங்காத கிருமிகளைப் பற்றிய செய்திகளிலும் இதே தொடர்தான் வருகிறது. 'கொல்லி' என்றால் ஐயமில்லை.

'பெப்டைடு' அதைவிடப் பெரிய குறை. க, ச, த, ப மெய்கள் தம்மோடு மட்டுமே மயங்கும். 'ப்' பக்கத்தில் 'ட' நிற்காது. தொல்காப்பிய அரங்கேற்றத்தில் கேள்வி கேட்ட அதங்கோட்டாசானின் ஊர் நம் மாவட்டத்தில்தான் என்று பெருமைப்படுகிறோம். இங்கேயே மெய்ம்மயக்கத்தை விட்டுக்கொடுக்கலாமா? அமினோ அமிலங்கள் கோத்த தொடர்தானே இது? சங்கிலியின் வளையம் கண்ணி, தொடுத்த பூவும் கண்ணி, பறவையைப் பிடிக்கும் சுருக்கும் கண்ணி. கொல்களிறு போலக் 'கொல்கண்ணி' என்போம்.

தோவாளை ஆய்வு மாணவர்:

ஐயாவோடு உடன்படுகிறேன். பூத் தொடுத்துக்கொண்டே படித்தவன் நான். பிச்சிக்கு நடுவே சிவப்பு அரளியை எத்தனை பூவுக்கு ஒருமுறை வைத்தால், சரத்தை முறுக்கியதும் சிவப்பெல்லாம் ஒரே பக்கம் திரளும் என்பது என் அம்மாவின் விரல்களுக்குத் தெரியும். பெப்டைடு வடிவமைப்பும் இப்படித்தான். அமினோ அமிலத் தொடர் சுருளாக முறுக்கிக்கொள்ளும். சுருளின் ஒரு சுற்றுக்கு 3.6 அமினோ அமிலங்கள். மூன்று, நான்கு இடம் தள்ளித் தள்ளி லைசீன் என்னும் அமினோ அமிலத்தை வைத்தால் நேர்மின்னூட்டம் ஒரு முகத்தில் திரளும். லூசீன் போன்ற நீரை விலக்கும் அமிலங்கள் மறுமுகத்தில் நிற்கும். பாக்டீரியாவின் மேற்பரப்பு எதிர்மின்னூட்டம் கொண்டது. முதல் முகம் அங்கே ஒட்டுகிறது, மறுமுகம் சவ்வின் கொழுப்புக்குள் இறங்குகிறது.

குளச்சல் மருந்தாளுநர்:

தம்பி, எங்கள் கடற்கரையில் கண்ணி என்றால் வலைக்கண்ணி. குமரியில் படிக்கிற பிள்ளை 'கொல்கண்ணி'யைப் பார்த்தால், 'கன்னி'யைத் தப்பாக அச்சடித்திருக்கிறார்கள் என்றே எண்ணும். பாடநூலில் 'பெப்டைடு பிணைப்பு' என்று படித்துவிட்டு வருகிறார்கள். அதே சொல் கண்ணில் பட்டால்தானே படித்ததோடு சேர்த்துப் பார்ப்பார்கள்?

மார்த்தாண்டம் மொழிபெயர்ப்பாளர்:

பெப்டைடை அந்நியம் என்று தள்ளாதீர்கள், அண்ணாச்சி. 1902இல் எமில் ஃபிஷர், செரித்த புரதத்தைக் குறிக்கும் பெப்டோன் என்ற சொல்லிலிருந்து இந்தப் பெயரை ஆக்கினார். பெப்டோனின் கிரேக்க மூலத்துக்குச் செரித்தது, வெந்தது என்று பொருள். அந்த வேரும் வடமொழி 'பக்வ'த்தின் வேரும் ஒன்றே. 'பக்வ'த்தில் ஓர் உகரம் இட்டுப் 'பக்குவம்' ஆக்கியவர்கள் நாம். அதே வழியில் 'பெப்புடைடு' என்றால் மெய்ம்மயக்கமும் தீர்ந்தது. தனித்தமிழே வேண்டுமென்றால் 'செரி' என்னும் வினையிலிருந்து 'செரியம்'.

நாகர்கோவில் ஆசிரியை:

செரியம் வேண்டாம், ஐயா. செரித்துப்போவதுதான் இந்த மருந்துகளின் பெருங்குறை. லைசீனும் ஆர்ஜினினும் இருக்கும் இடம் பார்த்து டிரிப்சின் என்னும் செரிமான நொதி வெட்டிவிடுகிறது.

'கொல்லி' என்பதற்கும் ஆதாரம் காட்டியாக வேண்டும். குழித்தட்டில் பெப்டைடின் அளவைப் பாதி பாதியாகக் குறைத்துக்கொண்டே போகிறோம். ஒவ்வொரு குழியிலும் பாக்டீரியாவை இடுகிறோம். மறுநாள் காலையில் சில குழிகள் கஞ்சித்தண்ணீர் போலக் கலங்கியிருக்கும், சில தெளிந்திருக்கும். தெளிந்திருந்தால் பெருக்கம் நின்றது என்றுதான் பொருள், செத்தது என்று அல்ல. தெளிந்த குழியிலிருந்து ஒரு துளி எடுத்து அகார் தட்டில் பரப்பி, அங்கேயும் எதுவும் முளைக்காவிட்டால்தான் கொலை உறுதி. முதலாவதைத் தடுப்பளவு என்றும் இரண்டாவதைக் கொல்லளவு என்றும் எழுதியிருக்கிறேன்; யாருக்காவது மறுப்பு உண்டா? அதே பெப்டைடை இரத்தச் சிவப்பணுக்களோடும் கலந்து பார்க்கிறோம். சுழற்றிய பின் மேலே நிற்கும் நீர் சிவந்துவிட்டால் அது நம் செல்லையும் உடைக்கிறது, விட்டுவிட வேண்டியதுதான்.

தோவாளை மாணவர்:

அந்த இரண்டும் அருமை, அம்மா. 'சவ்வுதுளைப்பி' என்றால் என்ன? 1990இல் மெரிஃபீல்டு குழுவினர், செக்ரோபின், மாகைனின் ஆகிய கொல்லிப் பெப்டைடுகளின் கண்ணாடிப் பிம்பங்களைச் செய்து பார்த்தார்கள். வலம் இடமாக மாறியும் கொல்லும் திறன் குறையவில்லை. பூட்டுக்குச் சாவி போல ஒரு புரதத்தைத் தேடிப் பொருந்துவதாக இருந்தால் பிம்பம் பலித்திருக்காது. சவ்வுதான் இலக்கு.

நாகர்கோவில் ஆசிரியை:

அவற்றுக்குச் சரி. ஆனால் பியூஃபோரின் என்னும் பெப்டைடு சவ்வை உடைக்காமல் உள்ளே நுழைந்து டிஎன்ஏவைப் பற்றுகிறது. கொல்லும் வழியைப் பெயரில் வைத்தால் நாளைக்குப் பெயரை மாற்ற வேண்டி வரும். 1987இல் தவளைத் தோலிலிருந்து மாகைனினைப் பிரித்த ஸாஸ்லோஃப், எபிரேய மொழியில் கேடயம் என்ற பொருளில்தான் பெயர் வைத்தார். வழியைச் சொல்லவில்லை.

மணி ஐந்தாகிவிட்டது. மூவர் ஒத்துக்கொண்ட 'நுண்ணுயிர்க்கொல்லிப் பெப்டைடு' என்பதையே அச்சகத்துக்கு அனுப்பிவிட்டேன். அனைவருக்கும் நன்றி.

தக்கலை தமிழாசிரியர்:

அச்சானதற்கு மறுப்பில்லை, அம்மா. சொல்லை நான் இன்னும் ஏற்கவில்லை. பிள்ளைகள் வரும் நாளில் நானும் வருகிறேன். தோவாளைத் தம்பி, சிவப்பு ஒரு பக்கம் திரளும்படி உன் அம்மா தொடுத்த சரத்தில் இரண்டு முழம் கொண்டுவா. அதைக் கையில் கொடுத்து, சுவரொட்டியைக் காட்டும் முன்னே, இதை என்னவென்று அழைப்பீர்கள் என்று பிள்ளைகளிடம் கேட்போம்.