பழைய ஓட்டு வீட்டு வேலை: நாமே செய்யலாமா, கொத்தனாரைத்தான் விட வேண்டுமா?

புலியறைக்காரி:
செங்கோட்டைப் பக்கம் பழைய வீடு வைத்திருப்பவர்களுக்குத் தெரியும், ஒரு கொத்தனாரைப் பிடிப்பது எவ்வளவு பாடு என்று. நல்ல வேலைக்காரர்கள் விடிவதற்குள் கேரளாவில் புனலூர் பக்கம் பஸ் ஏறிவிடுகிறார்கள். அங்கே கூலி கூடுதல், போகத்தான் செய்வார்கள். நமக்கு "நாளைக்கு வரேன்க்கா" மட்டும்தான். அதனால் அடுப்படிச் சுவரைச் சுரண்டிப் பூசுவதிலிருந்து வெள்ளையடிப்பது வரை நானும் தம்பியும் இறங்கிவிட்டோம். கஷ்டம்தான். குழம்பில் சுண்ணாம்புத் தூள் விழுகிறது. பாத்திரமெல்லாம் கட்டில்மேல் ஏறிவிட்டது, விருந்தாளி வந்தால் திண்ணையோடு சரி. ஆனாலும் பூச்சு, பெயின்ட், ஓடு மாற்றுவது எல்லாம் வீட்டுக்காரர்களே செய்யக்கூடிய வேலை என்பதுதான் என் கட்சி. மறுப்பவர்கள் காரணத்தோடு வாருங்கள்.

பழைய கரண்டி:
மறுக்கிறேன் தங்கச்சி. வயசான கொத்தனார் சொல்கிறேன். குழைத்த சிமென்ட் கலவையை அரை மணி நேரத்துக்குள் தீர்த்துவிட வேண்டும். புதிதாக இறங்குகிறவர்கள் சட்டி நிறையக் குழைத்துவிட்டு, அது இறுக ஆரம்பித்ததும் திரும்பத் தண்ணீர் ஊற்றிக் கிண்டுவார்கள். அந்தப் பூச்சுக்குப் பலமே இருக்காது. பூசிய பிறகு குறைந்தது 7 நாள் நனைக்க வேண்டும், அதற்கும் பொறுமை கிடையாது.

கடையநல்லூரில் ஒருவர் குளியலறைக்குத் தாமே டைல்ஸ் பதித்தார். பார்க்க அவ்வளவு அழகு. தண்ணீர் ஓடும் சரிவு, அதாவது வாட்டம் மட்டும் வாசல் பக்கம் போய்விட்டது. குளித்த தண்ணீர் நேரே பூஜை அறைக்கு வரும். விளக்கேற்றும் முன்னால் அவர் மாமியார் துடைப்பத்தோடு நிற்பார். தெருவே சிரித்தது. எல்லாவற்றையும் உடைத்துத் திரும்பப் பதித்த செலவு யாருக்கு?

புலியறைக்காரி:
அண்ணாச்சி, வாட்டம் விஷயம் ஒப்புக்கொள்கிறேன். ஆனால் எங்கள் சுவரைக் கெடுத்தது யார் தெரியுமா? முன்பு வந்த ஒரு கொத்தனார்தான். அது அந்தக் காலத்துச் சுண்ணாம்புச் சுவர். தரையிலிருந்து ஏறும் ஓதம் அதன் வழியே வெளியேறிக் காய்ந்துவிடும். அவர் உறுதியாக இருக்கட்டும் என்று மேலே சிமென்ட் பூசி அடைத்துவிட்டார். ஈரம் போக வழியில்லாமல் மேலே ஏறி, ஜன்னல் மட்டத்தில் உப்புப் பூத்தது. உளி வைத்துத் தட்டினால் சிமென்ட் பூச்சு பலகை பலகையாகக் கழன்று வந்தது. உள்ளே இருந்த பழைய சாந்து ஈரம் பட்ட நாட்டுச்சர்க்கரை போலக் கையோடு வந்துவிட்டது. இப்போது சுண்ணாம்புச் சாந்துதான் பூசப்போகிறோம். தன் வீட்டுச் சுவரைத் தினம் பார்க்கிறவருக்குத்தான் அதன் சுபாவம் பிடிபடும்.

ஆரியங்காவு வயர்மேன்:
பூச்சுச் சண்டையை நீங்களே தீர்த்துக்கொள்ளுங்கள். உளியைக் கையில் எடுக்கும் முன் மெயினை அணையுங்கள் அக்கா, அதைச் சொல்லத்தான் வந்தேன். சுவரில் அடித்த மரச்சட்டத்தின்மேல் ஓடும் பழைய வயரிங்கில் பல வீடுகளில் எர்த்தே கிடையாது. சுவரோ ஈரம். "எம்சிபி போட்டிருக்கிறோமே" என்பார்கள். அந்த சுவிட்ச் லோடு கூடினாலோ ஷார்ட் ஆனாலோதான் தானாக விழும். ஆள்மேல் கரன்ட் பாய்ந்தால் அணைப்பது ஆர்சிசிபி என்கிற வேறு சுவிட்ச், அதிலும் 30 மில்லி ஆம்பியர் கசிவுக்கே விழுவது வேண்டும். வயரிங்கை உரிமம் உள்ளவரிடம் விடுங்கள். இதில் எனக்கு விட்டுக்கொடுப்பே இல்லை.

பண்பொழி ஓட்டுவீடு:
நான் அக்கா பக்கம். ஓடு மாற்ற ஆள் கூப்பிட்டால் ஒரு ஓட்டை மாற்றி, மிதித்து மூன்றை உடைத்துவிட்டுப் போகிறார்கள். நாம் ஏறினால் ஓட்டைத் தாங்கும் மரச்சட்டம், அதுதான் ரீப்பர், இருக்கும் இடம் பார்த்துக் கால் வைப்போம். இன்னொன்று, உடைந்த ஓட்டைத் திருப்பிப் பாருங்கள், கம்பெனிப் பெயர் அச்சாகியிருக்கும். 1865-ல் பாசல் மிஷன் என்ற கிறிஸ்தவ அமைப்பு மங்களூரில் ஓட்டுத் தொழிற்சாலை தொடங்கிய பிறகு, பாலக்காடு, கோழிக்கோடு என்று பல ஊர்களில் தொழிற்சாலைகள் வந்தன. ஒரு கம்பெனி ஓட்டின் பள்ளம் இன்னொரு கம்பெனி ஓட்டின் மேட்டில் சரியாக உட்காராது, அந்த இடைவெளியில்தான் சாரல் உள்ளே இறங்கும். அதே பெயருள்ள ஓடு தேடிப் பழைய சாமான் கடைகளில் அலைய எந்தக் கூலி ஆளுக்கு நேரம்? வீட்டுக்காரன்தான் அலைவான்.

பழைய கரண்டி:
பாசி பிடித்த ஓட்டில் ரீப்பர் பார்த்துக் கால் வைத்தாலும் வழுக்கும் தம்பி. இடுப்பில் கயிறு கட்டாமல் ஏறாதே. விழுந்தவர்களைத் தூக்கிக்கொண்டு ஓடியவன் நான்.

தங்கச்சி, சுண்ணாம்புச் சுவரில் சிமென்ட் பூசியது தப்புதான், அந்த ஆளுக்காக நான் பேச வரவில்லை. வேலை தெரியாதவரைக் கூப்பிட்டால் இப்படித்தான் ஆகும். அதற்காகக் கொத்தனாரே வேண்டாம் என்பதா? சுண்ணாம்பு சிமென்ட்டைவிடக் கூச்சம் பிடித்தது. நீர்த்த சுண்ணாம்பைப் பல நாள் ஊறப்போட வேண்டும், மெல்லிசாகப் பூசி, ஒன்று இறுகிய பிறகே அடுத்தது. ஆனி, ஆடிச் சாரலில் ஈரம் காயவே காயாது.

புலியறைக்காரி:
சுண்ணாம்பு ஊறிக்கொண்டுதான் இருக்கிறது அண்ணாச்சி. பூச்சு சாரல் விட்ட பிறகுதான். வயர்மேன் தம்பி சொன்னபடி வயரிங்குக்கு ஆள் சொல்லியாயிற்று. ஆனால் கரண்டி எங்கள் கையில்தான்.

பழைய கரண்டி:
சரி. முதல் பூச்சைச் சமையல் மேடைக்குக் கீழே, கண்ணில் படாத மூலையில் ஒரு முழம் மட்டும் பூசுங்கள். நன்றாகக் காயவிட்டுத் தட்டிப் பாருங்கள். பூச்சு சுவரில் பிடிக்காமல் டொக்கு டொக்கென்று பொள்ளல் சத்தம் கேட்டால் கையை நிறுத்திவிட்டு எனக்கு எழுதுங்கள்.